கூடாரம்தான் முதலில், வீடு அப்புறம்

அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவின் வண்ண வீடுகளைப் பணக்காரர்களுக்கான கோடை விடுதிகளாக மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையே கட்டியது என்றும், முகாம் கூட்டம் (திறந்தவெளியில் கூடாரம் போட்டுத் தங்கி நடத்தும் ஜெபக்கூட்டம்) என்பதே அங்கேதான் பிறந்தது என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் சரியல்ல.

முகாம் கூட்டங்கள் 1800 வாக்கில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலப் பக்கம் தொடங்கின. 1801இல் அங்கே பெருங்கூட்டம் கூடிய கேன் ரிட்ஜ், பிரெஸ்பிட்டேரியன் என்ற வேறொரு கிறிஸ்தவ சபையின் ஆலயம். மெதடிஸ்டுகள் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு நாடெங்கும் பரப்பினார்கள்.

மாசசூசெட்ஸைச் சேர்ந்த இந்தத் தீவில் 1835இல்தான் முதல் கூட்டம். ஓக் மரத்தோப்பு, சில கூடாரங்கள், ஒரு பிரசங்க மேடை, அவ்வளவுதான். பாடலும் ஜெபமும் பிரசங்கமும் கேட்க வந்தவர்கள் கூடாரத் துணிக்குள் வைக்கோல்மேல் படுத்தார்கள். ஆண்டுதோறும் வந்த குடும்பங்கள்தான் 1850களின் இறுதியிலிருந்து, கூடாரம் போட்ட அதே சின்ன இடத்தில் மரவீடு கட்டிக்கொண்டன. அதனால்தான் வீடுகள் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன. முன்வாசலைக் கவனித்துப் பாருங்கள்: நடுவில் இரட்டைக் கதவு, கூடாரத் துணியை இருபக்கமும் விலக்கியது போலவே திறக்கும். மேலே குட்டி பால்கனிக்கும் அப்படியே. எனக்கு அந்தக் கதவுதான் மொத்த வரலாறும்.

வீடுகளுக்கு நடுவே இருக்கும் இரும்பு வழிபாட்டுக் கூடம் 1879இல் வந்தது. அதற்கு முன் அங்கே இருந்ததும் ஒரு பெரிய துணிக் கூடாரமே. இன்றும் நிலம் முகாம் கூட்டச் சங்கத்துக்குச் சொந்தம், வீடு மட்டுமே குடும்பங்களுடையது. சுற்றுலா வளர்ந்தது உண்மைதான், ஆனால் அது ஜெபக்கூட்டத்தின் பின்னால் வந்தது.