எந்த லிஸ்ட்டிலும் இல்லாத 27 பேர்

(காலாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள். தலைமையாசிரியர் அறை. மார்க் பட்டியலோடு பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர்.)

ஹெச்.எம்.: சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் வாரத்துக்கு 5 மணி நேரம். 4 மணி நேரம் சென்டம் பசங்களுக்கு, மிச்சம் மெல்லக் கற்போருக்கு. ஓகேவா டீச்சர்?

டீச்சர்: சார், 42 பேர்ல தொண்ணூறைத் தாண்டினது நாலே பேர். சென்டமே வாங்கினாலும் ஆளுக்கு அஞ்சாறு மார்க்தான் ஏறும். 35-க்குக் கீழ 11 பேர் கிடக்காங்க.

ஹெச்.எம்.: ஃபிளெக்ஸ்ல போட அந்த நாலு மூஞ்சிதானே இருக்கு?

டீச்சர்: 11 பேர் போனா தேர்ச்சி 74 சதவீதம். ரிவ்யூ மீட்டிங்ல முதன்மைக் கல்வி அலுவலர் எழுப்பி நிக்க வைக்கிறது ஃபிளெக்ஸை இல்ல சார்.

ஹெச்.எம்.: (தண்ணீர் குடித்து) மேல சொல்லுங்க.

டீச்சர்: ஒரு மார்க் கேள்வி 14. கடைசியில வடிவியல் 8, கிராஃப் 8. ஆச்சா 30? ரெண்டு மார்க் கேள்வியில மூணு போட்டா பாஸ்.

ஹெச்.எம்.: இவ்வளவுதானா! அப்புறம் ஏன் கவுந்தாங்க?

டீச்சர்: 11 பேருக்கு ரெண்டு காம்பஸ். அதுல ஒண்ணு ஆடுது, வட்டம் போட்டா முட்டை வருது. பென்சில் மழுங்கல், வில் தடிச்சுப்போய் எங்க வெட்டுதுன்னே தெரியாது. உதவிப்படம் போடுறதில்ல. கிராஃப்ல மைனஸ் 3-ஐ வர்க்கம் பண்ணி மைனஸ் 9-ன்னு எழுதுறான். U மாதிரி வரவேண்டிய பரவளையத்துக்கு ஒரு கால் வானத்துல, ஒரு கால் பாதாளத்துல.

ஹெச்.எம்.: சரி, 28, 30 வாங்கினவனை மட்டும் தள்ளிவிட்டாப் போதாதா? எட்டு மார்க்காரன் எதுக்கு?

டீச்சர்: அவனை விட்டீங்கன்னா ஜனவரியில அவன் வீட்டுக்கு நீங்கதான் போய்க் கூப்பிடணும். தினம் 15 நிமிஷம் வாய்ப்பாடும் வகுத்தலும் தனியா. 11 பேருக்கு 3 மணி நேரம். கூடவே சுண்டல்.

ஹெச்.எம்.: கணக்குக்கு எதுக்கும்மா சுண்டல்?

டீச்சர்: மத்தியானம் சாப்பிட்டவன் 5 மணிக்கு கிராஃபைப் பார்க்கமாட்டான், கடிகாரத்தைத்தான் பார்ப்பான். அடுத்த 1 மணி நேரம் நடுவுல இருக்கிற 27 பேருக்கு, அஞ்சு மார்க் கேள்விக்கு.

ஹெச்.எம்.: அவங்க யாரு?

டீச்சர்: பார்த்தீங்களா, உங்களுக்கே தெரியல! எந்த லிஸ்ட்லயும் இல்லாத பாவப்பட்ட ஜென்மங்க.

ஹெச்.எம்.: சென்டத்துக்கு வெறும் 1 மணி நேரமா? அப்பாமார் சண்டைக்கு வருவாங்களே!

டீச்சர்: போதும் சார். 28-ஆவது, 42-ஆவதுன்னு வர்ற ரெண்டு கட்டாயக் கேள்வியிலதான் அவங்க வழுக்குவாங்க. பழைய வினாத்தாள் குடுத்தா அவங்களே போட்டுடுவாங்க, நான் திருத்தினாப் போதும். இந்தாங்க, ஃபர்ஸ்ட் மார்க் பையன் பேப்பர். கிராஃப்ல அளவுத்திட்டமே எழுதல.

ஹெச்.எம்.: அட! நீங்களே கண்டுபிடிச்சீங்களா?

டீச்சர்: நானும் கவனிக்காம முழு மார்க் போட்டுட்டேன். கண்டுபிடிச்சது 30 மார்க்காரன். அளவுத்திட்டம் எழுதாததுக்குத்தானே அவன் தினம் திட்டு வாங்குறான்!

ஹெச்.எம்.: அப்ப ஃபிளெக்ஸ்ல அவனையும்...

டீச்சர்: முதல்ல காம்பஸ் வாங்குங்க சார். பதினொண்ணு.