எண்ணெய் விட்டா எல்லாம் சரியாயிடுமா?

ஏர்சாஃப்ட் பிஸ்டல்ல, அதான் சின்ன பிளாஸ்டிக் குண்டு சுடுற விளையாட்டுத் துப்பாக்கியில, ஒரு குண்டு மேல ஏறுது, அடுத்தது பாதியிலேயே விழுது. உடனே குறிபார்க்கிற சைட்டைத் திருகுறது. இல்லன்னா பேரல் வாய்க்குள்ள சிலிக்கான் ஆயிலைப் பீச்சுறது. வினையே அங்கதான் ஆரம்பிக்குது! குண்டுக்குப் பின்சுழற்சி கொடுக்கிறது பேரலோட பின்முனையில இருக்கிற ஹாப்-அப் ரப்பர். அதுல எண்ணெய்ப் பிசுக்கு ஏறினா குண்டு வழுக்கும், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவுல சுழலும். குண்டைத் தள்ளுற கிரீன் கேஸ்லயே பெரும்பாலும் சிலிக்கான் கலந்துதான் வருது, அது போதாதா?

குண்டும் கேஸும் இருக்கிற மேகசினைக் கழற்றி எடுத்து, பேரலுக்குள்ள குண்டு இல்லைன்னு உறுதி பண்ணுங்க. ஹாப்-அப் ரப்பரோட அழுத்தத்தை முழுசா தளர்த்திட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியைச் சுத்தம் பண்ற குச்சியில மாட்டி உள்பேரல்ல விட்டு இழுங்க. அப்புறம் காய்ந்த துணி, கறை வராத வரைக்கும். ஹாப்-அப்பைத் தளர்த்தாம குச்சியை நுழைச்சா ரப்பர் கிழியலாம்.

எல்லாக் குண்டும் ஒரே பக்கமா வளைஞ்சா, பெரும்பாலும் ரப்பர் கோணலா உட்கார்ந்திருக்கும். கழற்றி நேரா மாட்டணும். 0.20 கிராம் குண்டு காத்துக்கே அலையும், 0.25 போட்டுப் பாருங்க. கீழே சிந்தினதைப் பொறுக்கிப் போடுற புண்ணியவான்களை என்ன சொல்ல! ஒரு மணல் துகள் போதும், பேரல்ல கீறல் விழும்.

அப்புறம், படபடன்னு சுட்டா மேகசின் குளிர்ந்து கேஸ் அழுத்தம் இறங்கும், குண்டும் தாழ்ந்துதான் போகும். இதுக்கும் சைட்டைத்தான் திருகுவாங்க.