சுவர் மட்டும் போதாது, மொட்டை மாடியையும் பாருங்கள்

இரண்டு கான்கிரீட் அடுக்குகளுக்கு நடுவே தெர்மோகோல் வைத்துக் கட்டினால் வெப்பமண்டல வீடுகள் குளுமையாக இருக்கும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. உண்மைதான். கான்கிரீட் கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய 40-ல் ஒரு பங்கைத்தான் தெர்மோகோல் கடத்தும். 5 செ.மீ. தடிமன் இருந்தாலே மேற்குச் சுவரில் சாயங்காலம் கை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஆனால் கனமான கான்கிரீட் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. அது அறைப்பக்கம் இருந்தால், ராத்திரி ஜன்னலைத் திறந்துவிடும்போது குளிர்ந்து, மறுநாள் பகலில் அறையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். தெர்மோகோலை உள்பக்கம் ஒட்டினால் இந்தப் பலன் கிடைக்காது. அதே சமயம், ராத்திரி சில மணி நேரம் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறைக்கு உள்பக்க ஒட்டுதான் நல்லது. அறை சட்டென்று குளிரும்.

இன்னொன்று, அடுக்குகளை இணைக்கும் கம்பிகள். இரும்புக் கம்பி என்றால் அதன் வழியாகவே வெப்பம் உள்ளே வந்துவிடும். அதற்குப் பதிலாக, வெப்பத்தை அதிகம் கடத்தாத ஃபைபர் (கண்ணாடி இழை) இணைப்புக் கம்பிகளைக் கேட்டு வாங்குங்கள். தூண், பீம், சன்ஷேடு சுவரோடு சேரும் இடங்கள் வழியாகவும் வெப்பம் வரும், அவற்றையும் தெர்மோகோல் இல்லாமல் விட்டுவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேல் கூரை. வெப்பமண்டலத்தில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது, அதனால் சுவரைவிடக் கூரைத் தளத்தில்தான் வெயில் அதிகம் இறங்குகிறது. பணம் குறைவாக இருப்பவர்கள் முதலில் மொட்டை மாடிக்கு இன்சுலேஷனும் (வெப்பத் தடுப்பு) வெள்ளைப் பூச்சும் செய்யுங்கள். சுவரைப் பிறகு பார்க்கலாம்.