மொட்டைமாடியைப் பார்த்ததோடு மூடிவிடாதீர்கள்

விமானம் ஓட்டும் கணினி விளையாட்டான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020இல் புதிதாக வந்தபோது, எனக்குத் தெரிந்த எல்லோரும் முதலில் சொந்த ஊருக்குத்தான் பறந்தார்கள். வீட்டு மொட்டைமாடி தெரிகிறதா என்று நாலு வட்டம் அடித்து, படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். பிங் வரைபடத்தின் வான்வழிப் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் அமைத்திருப்பதால் ஊர் தெரியத்தான் செய்யும். நானும் பார்த்து நெகிழ்ந்தவன். ஆனால் அதோடு மூடி வைத்துவிட்டார்களே என்பதில்தான் எனக்கு ஆற்றாமை.

இந்த விளையாட்டின் உயிர் காட்சியில் இல்லை, காற்றில் இருக்கிறது. செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை எடுங்கள். நாலு இருக்கை, ஒற்றை எஞ்சின். கணினி செய்யும் உதவிகளை எல்லாம் நிறுத்திவிடுங்கள். முழு விசை கொடுத்ததும் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். ஜாய்ஸ்டிக் கெட்டுவிட்டது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அசல் செஸ்னாவும் அப்படித்தான் இழுக்குமாம், முன்னால் சுழலும் ப்ரொபெல்லரின் வேலை அது. மூக்கை இடவலமாகத் திருப்ப வாலில் ரட்டர் என்றொரு பலகை உண்டு, காலால் மிதித்து இயக்குவது. வலது ரட்டரை மிதித்துக்கொண்டே ஓட வேண்டும்.

அப்புறம் தரையிறக்கம். ஓடுதளத்தின் ஓரத்தில் நாலு விளக்குகள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான சரிவில் வருகிறோம். நாலும் சிவப்பானால் மிகத் தாழ்ந்துவிட்டோம். அந்த நேரத்தில் கை தானாக மூக்கைத் தூக்கும். அங்கேதான் ஆபத்து. வேகம் 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) என்பதிலிருந்து மளமளவென்று இறங்கும், ஸ்டால் எச்சரிக்கை ஊளையிடும், இறக்கை காற்றின் பிடியை இழந்துவிடும், அதுதான் ஸ்டால். உயரம் வேண்டுமென்றால் எஞ்சின் விசையைக் கூட்ட வேண்டும், வேகத்தை மூக்கை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது என் கைக்குப் பழக மூன்று வாரம் ஆனது.

காட்சி முக்கியமில்லை என்பதற்கு 1982இல் ஐபிஎம் கணினிக்கு வந்த முதல் பதிப்பே சாட்சி. புரூஸ் ஆர்ட்விக் எழுதியது. வெறும் கோடுகளும் கட்டங்களும்தான், ஆனாலும் மக்கள் விடிய விடியப் பறந்தார்கள். அதில் புறப்படும் இடம் சிகாகோ ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் ஃபீல்ட் என்ற சிறு விமான நிலையம். 2003 மார்ச்சில் ஓர் இரவில் மேயரின் உத்தரவில் புல்டோசர்கள் வந்து அதன் ஓடுதளத்தைத் தோண்டிப் போட்டன. இப்போது அங்கே பூங்கா. பழைய பதிப்பைத் திறந்தால் அந்த ஓடுதளம் இன்னும் ஏரியை ஒட்டிக் கிடக்கிறது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

காசில்லை என்று தயங்குபவர்களுக்கு ஃப்ளைட்கியர் என்ற இதே வகை விளையாட்டு இருக்கிறது. முழுக்க இலவசம், ஆர்வலர்கள் சேர்ந்து எழுதியது. இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் காற்றின் விசையைக் கணக்கிடும் எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு விளையாட்டையும் ஒருமுறை பாருங்கள். எதுவானாலும் சரி, தரையிறக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.

நேற்றிரவு இடப்பக்கமிருந்து 12 நாட் குறுக்குக்காற்று. இடது இறக்கையைச் சற்றுத் தாழ்த்தி, எதிர் ரட்டரில் மூக்கை நேராகப் பிடித்து வந்தேன். இடது சக்கரம் முதலில் தொட்டது. அப்புறம் வலது. கடைசியில் மூக்குச் சக்கரம், சத்தமே இல்லாமல்.