அழகான சிலம்பு

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை. கரண்ட் போய்விட்டது. அக்கா தட்டுவடை செட்டைப் பிரிக்கிறார். தம்பி பகலில் கொலுசு, ராத்திரியில் குரூப் 4 பரீட்சைப் படிப்பு.)

அக்கா: என்னடா, பொஸ்தகத்தை அப்படி மொறைக்கற?

தம்பி: சிலப்பதிகாரங்க்கா. 3 காண்டம், 30 காதை, 1892ல உ.வே.சா. அச்சுல கொண்டாந்தாரு. இதெல்லாம் வாய்க்கு வந்துருச்சு. பாட்டுதான் வர மாட்டேங்குது. அதான் கதையா எழுதுன பொஸ்தகம் ஒண்ணு வாங்குனேன். ஒரே ராத்திரில மதுரைய எரிச்சு முடிச்சுட்டேன்.

அக்கா: பாட்டுல என்ன கஷ்டம்?

தம்பி: மாதவி அரங்கேற்றம்னு போட்டிருக்கு. ஆடுவான்னு பாத்தா, "எழுகோல் அகலத்து எண்கோல் நீளத்து ஒருகோல் உயரத்து"ன்னு மேடைய அளந்துக்கிட்டு இருக்காரு இளங்கோவடிகள். கோல்னா 24 விரலாம். காப்பியமா இது, கொத்தனார் எஸ்டிமேட்டா?

அக்கா: உன் கதைப் பொஸ்தகத்துல மேடைக்கு என்ன போட்டிருக்கு?

தம்பி: "அழகான மேடை."

அக்கா: சிலம்பு?

தம்பி: (புரட்டி) "அழகான சிலம்பு."

அக்கா: மாதவி?

தம்பி: "மிக அழகான."

அக்கா: "அழகா ஒரு ஜோடி கொலுசு செஞ்சு குடுங்க"ன்னு வந்து நிப்பாங்களே, அவங்க எழுதுன பொஸ்தகமாட்ட இருக்குது. எத்தன கிராமு, என்ன டச்சு, அதான் வெள்ளியோட சுத்தம், சலங்கை வெக்கோணுமா வேண்டாமா, வாயே தொறக்க மாட்டாங்க. செஞ்சு குடுத்தா மட்டும் "நான் கேட்டது இது இல்லீங்களே"ம்பாங்க. பாட்டுல சிலம்பு எப்படி இருக்குது? படி.

தம்பி: "மத்தக மணியொடு வயிரம் கட்டிய பத்திக் கேவணப் பசும்பொற் குடைசூல் சித்திரச் சிலம்பின்..." பத்தின்னா வரிசை. கேவணம் கல்லு உக்கார்ற குழி. குடைசூல்னா உள்ள குடைஞ்சது. கீழ அர்த்தம் போட்டிருக்கு.

அக்கா: அட! ஆர்டர் நோட்டுடா இது! பசும்பொன்னு, வரிசையாக் குழி, வயிரம், உள்ள குடைவு. எடைய மட்டும் சொல்லிட்டா இன்னிக்கே வேலைய ஆரம்பிச்சரலாம்.

தம்பி: அந்தச் சிலம்பைக் கையில வாங்கிப் பாக்கறவன்தான் பொய்த்தொழிற் கொல்லன்.

அக்கா: நம்மாளு.

தம்பி: சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு வர்றான். "நுண்வினைக் கொல்லர் நூற்றுவர் பின்வர." கதைப் பொஸ்தகத்துல "ஒரு பொற்கொல்லன் வந்தான்", அவ்ளோதான்.

அக்கா: 100 ஆளு பின்னால வர நடந்தவனை ஒத்தை ஆளாக்கிட்டாங்களா! செவ்வாய்ப்பேட்டையிலயே அப்படி ஒரு மொதலாளி இருந்தா என்ன மரியாதை!

தம்பி: அவன் திருடன்க்கா.

அக்கா: அது வேற. சரி, கேஸு என்னாச்சு?

தம்பி: கண்ணகி சிலம்புக்குள்ள மாணிக்கம். ராஜா, "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே", எங்க சிலம்புக்குள்ள முத்துங்கறாரு. எடுத்து உடைக்கறா. "மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே."

அக்கா: தீர்ப்பு சொன்ன வாயி! கதையில?

தம்பி: "மாணிக்கம் சிதறியது."

அக்கா: எங்க சிதறுச்சுன்னு சொல்லலைன்னா அப்புறம் என்னடா கதை? ஆனா உடைச்சிருக்கவே வேண்டாம். ஒருக்கா ஆட்டிக் காட்டுனா முத்தா மாணிக்கமான்னு சத்தமே சொல்லிருமே.

தம்பி: அரண்மனையில அந்த வித்தை யாருக்குத் தெரியும்?

அக்கா: ஒருத்தனுக்குத் தெரியும்.

தம்பி: யாருக்கு?

அக்கா: திருடுனவனுக்கு.

(தம்பி தட்டுவடையைக் கீழே விடுகிறான்.)

தம்பி: இருந்தாலும் கதைப் பொஸ்தகம் இல்லைன்னா நான் பூம்புகாரையே தாண்டிருக்க மாட்டேங்க்கா.

அக்கா: படி, யாரு வேண்டாங்கறா? அதை மட்டும் படிச்சுட்டு சிலப்பதிகாரம் படிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாத.

தம்பி: மூலமே முழுசாப் பாட்டு இல்லீங்க்கா. "உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்"னு அவங்களே சொல்லியிருக்காங்க. உரைபெறு கட்டுரைன்னு ஒரு பகுதி, அது உரைநடை.

அக்கா: அதுல என்ன வருது?

தம்பி: (குரலைத் தாழ்த்தி) கொற்கையில இருந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன், கண்ணகிக்குச் சாந்தி செய்யறேன்னு பொற்கொல்லர் 1,000 பேரைப் பலி குடுத்தான்னு.

அக்கா: ஆயிரமா! பின்னால வந்ததே நூறு பேருதானடா? மீதி 900 பேரை எங்க போய்ப் புடிச்சான்? பாத்தியா, உரைநடைன்னா இப்படித்தான். கணக்கு நிக்காது!

தம்பி: பாட்டுலயும் வருதுங்க்கா, நீர்ப்படைக் காதையில. "ஈரைஞ்ஞூற்றுவர்." ரெண்டு ஐந்நூறு.

அக்கா: (நெடுநேரம் கழித்து) உன் கதைப் பொஸ்தகத்துல?

தம்பி: அதுல இல்லவே இல்ல. கண்ணகி விமானம் ஏறுனதோட முடிஞ்சுருது.

அக்கா: அப்ப அதையே படிறா. நம்மாளுங்க ஆயிரம் பேரு பொழைச்சுக்கிட்டாங்க!