“புல்லுத் தின்னு பொழச்சுக்காதா அது?”

போன ஞாயிற்றுக்கிழமை காங்கயம் பக்கத்தில் இருக்கிற எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊருக்குப் போயிருந்தேன். மத்தியானச் சோறு தின்றுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது மாமா பையன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். எலும்பும் தோலுமாக ஒரு பனிக்கரடி. சுற்றிலும் பனியே இல்லை. கல்லும் புல்லுமாகக் கிடக்கிற தரையில் பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கிறது. அப்புச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஏங் கண்ணு, காலுக்கடியில அத்தன புல்லுக் கெடக்குது. அதத் தின்னு பொழச்சுக்காதா அது?”

மாமா பையன் சிரித்தான். “அதெல்லாம் திங்காதுங்க அப்பாரு” என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீடியோவைப் பார்க்கிற எல்லோரும் “பாவம், வெயில் தாங்க முடியாமல் சாகிறது” என்றுதான் எழுதுகிறார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் மாட்டோடு கிடந்தவர் மட்டும் தீனியைப் பற்றிக் கேட்டார். இளைத்த உருப்படியைப் பார்த்தால் முதலில் அதைத்தானே கேட்க வேண்டும்? பனிக்கரடி விஷயத்தில் நாம் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான் என்று நினைக்கிறேன். அன்றைக்குத் திண்ணையில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பனிக்கரடிக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. தோலுக்கு அடியில் 10 சென்டிமீட்டர் வரை கொழுப்பு படிந்திருக்கும். அதற்கு மேல் அடர்த்தியாக இரண்டு அடுக்கு முடி. காதும் வாலும் சின்னது, சூடு வீணாகாமல் இருக்க. இவ்வளவு போர்த்திக்கொண்டிருப்பதால் கொஞ்ச தூரம் ஓடினாலே உடம்பு கொதித்துவிடும், அதனால்தான் எப்போதும் நிதானமாக நடக்கிறது. அந்த முடி உண்மையில் வெள்ளையும் இல்லை. நிறமில்லாத, குழல் மாதிரி உள்ளே வெறுமையான முடி. வெளிச்சம் சிதறுவதால் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. முடியை விலக்கிப் பார்த்தால் தோல் கறுப்பு. இதைச் சொன்னதும் அப்புச்சி தலையாட்டினார். உண்ணி பொறுக்கும்போது மயிலை மாட்டின் முடியை விலக்கிப் பார்த்தவருக்கு, வெள்ளைக்கு அடியில் கறுப்புத் தோல் என்பது புதுச் செய்தி இல்லை.

குளிர் பிரச்சினை இல்லை, சரி. அப்புறம் எது பிரச்சினை? அதன் காடு.

மற்ற கரடிகளுக்கு மலையும் மரமும் போல இதற்குக் கடல்மேல் உறைந்து கிடக்கிற பனித்தளம். 1774-ல் பிப்ஸ் என்கிற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி இதற்கு வைத்த அறிவியல் பெயருக்கே ‘கடல் கரடி’ என்றுதான் அர்த்தம். அதன் இரை சீல். கடல்நாய் என்றும் சொல்வார்கள். அதிலும் முக்கியமாக வளையச் சீல், தாடிச் சீல் என்ற இரண்டு வகை. தண்ணீருக்குள் சீலைத் துரத்திப் பிடிப்பது என்பது கரடியால் கிட்டத்தட்ட ஆகாத காரியம். அது மீன் மாதிரி வழுக்கிப் போய்விடும். ஆனால் சீலுக்கும் ஒரு கட்டாயம் உண்டு. அது மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். குளிர்காலத்தில் கடல் முழுக்க மூடிவிடுவதால், வளையச் சீல் தன் முன்னங்கால் நகத்தால் பனியைச் சுரண்டிச் சுரண்டி மூச்சுத் துளைகளைத் திறந்தே வைத்திருக்கும், ஒன்றல்ல, பல துளைகள். கரடி மோப்பத்தாலேயே துளையைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அசையாது. ஒரு மணி நேரம், சில சமயம் பல மணி நேரம். சீல் வேறொரு துளையில் மூச்சுவிட்டுவிட்டுப் போய்விட்டால் அத்தனையும் வீண். பெரும்பாலான நாள் வீண்தான். கிடைத்த அன்றைக்குத் தோலையும் கொழுப்பையும் முதலில் தின்னும். வயிறு நிறைந்த காலத்தில் சதையை அப்படியே விட்டுவிட்டுப் போகும், பின்னாலேயே வருகிற ஆர்க்டிக் நரி அதில் பிழைக்கும்.

கொழுப்பை மட்டும் ஏன் தேடுகிறது என்றால், குறைந்த இடத்தில் நிறையச் சக்தி அதில்தான் இருக்கிறது. அதோடு கொழுப்பு உடம்பில் எரியும்போது தண்ணீரும் கிடைக்கிறது. எங்கும் உறைந்து கிடக்கிற இடத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு ஏது? மனிதன் இப்படிக் கொழுப்பாகத் தின்றால் நெஞ்சடைத்துச் செத்துப்போவான். பனிக்கரடிக்கு ஒன்றும் ஆவதில்லை. கொழுப்பைக் கையாளுகிற மரபணுவே அதற்கு மாறியிருக்கிறது என்று 2014-ல் மரபணு ஆய்வில் தெரிந்தது. அந்த மாற்றம் பழுப்புக் கரடிகளிலிருந்து பிரிந்த பிறகு லட்சக்கணக்கான வருஷக் கணக்கில் வந்தது.

நம்மூர்க் கரடியை நினைத்துப் பாருங்கள். கோத்தகிரிப் பக்கம் கோயிலுக்குள் புகுந்து விளக்குக்கு வைத்திருக்கிற எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது என்று அடிக்கடி செய்தி வரும். அதற்குக் கரையான், தேன், ஈச்சம்பழம், பலா எல்லாம் ஆகும். ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று. பனிக்கரடிக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஒரே தீனி, ஒரே காடு.

வருஷத்தில் அதற்கு ஓர் அறுவடைக் காலம் உண்டு. பங்குனி, சித்திரையில் சீல்கள் கடல்பனியின்மேல் குட்டி போடும். தாய்ப்பால் குடித்துக் கொழுத்த குட்டி, உடம்பில் பாதி கொழுப்பு. கடல் உருகுவதற்கு முந்தைய சில வாரங்களில் கரடி தின்று சேர்ப்பதுதான் மீதி வருஷத்துக்கான மூலதனம். கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் கோடையில் பனி முழுவதும் உருகிவிடும். அங்கே கரடிகள் கரையேறி, மறுபடி நவம்பரில் கடல் உறையும்வரை சேர்த்த கொழுப்பிலேயே காலம் தள்ளும். 1980-களோடு ஒப்பிட்டால் அங்கே பனி இல்லாத நாட்கள் மூன்று நான்கு வாரம் கூடிவிட்டன. கூடுகிற நாட்களில் பெரும்பகுதி அறுவடைக் காலத்திலிருந்துதான் போகிறது. மாசி வெள்ளாமையில் மூன்று வாரம் முன்னாடியே வயலைப் பூட்டிவிட்டால் வீட்டில் என்ன மிஞ்சும்?

தாய்க்கரடியின் கணக்கு இன்னும் கடுமையானது. இந்த இடத்தில்தான் அப்புச்சி சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண் கரடி வசந்த காலத்தில் இணை சேரும். ஆனால் கரு உடனே கருப்பையில் ஒட்டாது, மாதக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். இலையுதிர் காலம் வரும்போது உடம்பில் போதுமான கொழுப்பு இருந்தால்தான் சினை தங்கும், இல்லாவிட்டால் தங்காது. “இளச்ச மாடு செனை புடிக்காதே, அது மாதிரி” என்றார். அதே மாதிரிதான். சினை தங்கினால் பனியில் குழி பறித்து உள்ளே போய்விடும். குளிர்காலத்தில் குழிக்குள் போவது சினைக் கரடி மட்டுமே, மற்ற கரடிகள் குளிர்காலம் முழுக்க வேட்டையில் இருக்கும். உள்ளேயே குட்டி போடும், பெரும்பாலும் இரண்டு. 600 கிராம் எடை, கண் திறக்காதது. தாய் 300 கிலோவரை இருக்கும்போது குட்டி ஒரு கிலோகூட இல்லை. மூன்றில் ஒரு பங்கு கொழுப்பாக இருக்கிற பாலைக் குடித்து, குழியை விட்டு வரும்போது 10 கிலோவுக்கு மேல் வந்துவிடும். தாய் அத்தனை மாதமும் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. ஹட்சன் விரிகுடாவில் கரையேறியதிலிருந்து கணக்கிட்டால் எட்டு மாதம் வரை ஒன்றும் தின்னாமல், பாலும் கொடுத்துக்கொண்டு. எனக்கு இரண்டு பிள்ளைகள். இதைப் படித்த அன்றைக்கு வேறு எதையும் படிக்கப் பிடிக்கவில்லை.

சரி, அப்புச்சியின் கேள்விக்கு வருகிறேன். புல் தின்னால் ஆகாதா? தின்று பார்த்திருக்கின்றன. 2019-லிருந்து 2022 வரை ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் 20 கரடிகளின் கழுத்தில் கேமரா கட்டி, கோடையில் மூன்று வாரம்போல என்ன செய்கின்றன என்று ஆய்வாளர்கள் பார்த்தார்கள். சில கரடிகள் அசையாமல் படுத்துக் கிடந்தன. சில புல், கடற்பாசி, காட்டுப் பழம், செத்த பறவை என்று கிடைத்ததையெல்லாம் தின்றன. சில நெடுந்தூரம் நீந்தின. அப்படி நீந்தியவற்றில் இரண்டுக்குத் தண்ணீரில் செத்து மிதந்த இரை கிடைத்தும், நின்று தின்னத் தரை இல்லாததால் அதைத் தின்னவும் முடியவில்லை, கரைக்கு இழுத்து வரவும் முடியவில்லை. கடைசியில் எடை போட்டால், 20-ல் 19 கரடி இளைத்திருந்தன. தேடித் தின்றதும் சும்மா கிடந்ததும் கிட்டத்தட்ட ஒரே கதிதான். பழத்திலும் புல்லிலும் வந்த சக்தி, அதைத் தேடி அலைந்ததிலேயே செலவாகிவிட்டது.

நீச்சலில் சமாளிக்குமே என்று சிலர் சொல்வார்கள். நீந்தும்தான். 2008-ல் அலாஸ்காவுக்கு வடக்கே பியூஃபோர்ட் கடலில் ஒரு பெண் கரடி பனியைத் தேடி ஒன்பது நாள் விடாமல் 687 கிலோமீட்டர் நீந்தியது. கோயமுத்தூரிலிருந்து சென்னையே 500 கிலோமீட்டர்தான். போய்ச் சேர்ந்தது. ஆனால் உடம்பு எடையில் 22 சதவீதம் போய்விட்டது, கூட வந்த ஒரு வயதுக் குட்டியும் போய்விட்டது. இதைப் ‘பிழைத்தது’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தென்கிழக்குக் கிரீன்லாந்தில் கடல்பனி வருஷத்தில் பாதிக்கு மேல் இல்லாத இடத்திலும் சில நூறு கரடிகள் வாழ்வதாக 2022-ல் செய்தி வந்தபோது, “பார்த்தீர்களா, பழகிக்கொள்கிறது” என்று நிறையப் பேர் பகிர்ந்தார்கள். அதையும் முழுசாகப் படிக்க வேண்டும். பனியாறுகள் உடைந்து கடலில் விழுகிற கட்டிகளின்மேல் நின்று அவை வேட்டையாடுகின்றன. அங்கேயும் கால் வைக்கப் பனி இருக்கிறது. அந்த மாதிரி இடம் ஆர்க்டிக்கில் மிகக் குறைவு.

இதைப் படிக்கிற காங்கயம், தாராபுரம், மூலனூர்க்காரர்களுக்குக் கொறங்காடு என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உழாமல், கொழுக்கட்டைப் புல்லுக்கென்றே விட்ட மேய்ச்சல் காடு அது. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் அங்கங்கே வெள்வேல மரம். மழை பொய்த்த வருஷத்திலும் அந்தப் புல்லின் வேர் சாகாது, கோடையில் வெள்வேலங்காய் தீவனமாகும். காங்கயம் மாடு வறட்சி தாங்கும் என்று பெருமையாகச் சொல்கிறோமே, தாங்கியது மாடு மட்டும் இல்லை, கொறங்காடும் சேர்ந்துதான் தாங்கியது. என் சின்ன வயசில் அப்புச்சியிடம் பன்னிரண்டு உருப்படி இருந்தது. இன்றைக்கு மூன்று. எந்த மாடும் வெயிலில் சாகவில்லை, நோயும் வரவில்லை. பாகம் பிரிந்தது, ஒரு பங்கு விற்றது, வாங்கியவர்கள் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போட்டார்கள். காடு சுருங்கச் சுருங்க மாடு ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போனது. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 1980-களில் சுமார் 1,200 கரடி. 2016-ல் 842. 2021-ல் 618. ஏன் குறைகிறது என்று அப்புச்சிக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

பனிக்கரடியை மனிதன் ஒருமுறை காப்பாற்றியும் இருக்கிறான். வேட்டையால் அருகிக்கொண்டிருந்தபோது 1973-ல் கனடா, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், நார்வே, கிரீன்லாந்துக்காக டென்மார்க் என ஐந்து நாடுகள் ஆஸ்லோவில் ஒப்பந்தம் போட்டன. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டது இந்தக் கரடிக்காக. துப்பாக்கியை அப்படித் தடுக்க முடிந்தது. இப்போது உலகில் சுமார் 26,000 கரடிகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஆனால் பனி உருகுவதை எந்தக் காவலர் போய்த் தடுப்பார்?

அந்த வேலை நம் பக்கத்திலும் இருக்கிறது. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலந்தால் செப்டம்பர் மாத ஆர்க்டிக் பனியில் சுமார் 3 சதுர மீட்டர் காணாமல் போகிறது என்று 2016-ல் கணக்கிட்டார்கள். இந்தியாவில் ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 2 டன். நாலு பேர் உள்ள குடும்பம் என்றால் இரண்டு வருஷத்தில் ஒரு சென்ட்டுக்கு மேல். பணக்கார நாட்டுக்காரன் கணக்கு இதைப்போலப் பல மடங்கு, அதை மறக்கவும் வேண்டாம். ஆனாலும் சென்ட் கணக்கில் சொன்னால்தான் எனக்கு உறைக்கிறது.

அதனால் நான் காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் முழு ஆதரவு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை வைத்து உடுமலை, பல்லடம் பக்கம் சுற்றுகிற காற்றாடிகளைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூலனூர்ப் பக்கம் போகும்போது கொறங்காட்டை மொத்தமாகச் சமன்படுத்தி, வெள்வேலைப் பிடுங்கி, சூரியத் தகடு பரப்பியிருப்பதைப் பார்க்கிறேன். வடதுருவத்தில் ஒரு மிருகத்தின் தரையைக் காப்பாற்ற இங்கே இன்னொரு மிருகத்தின் தரையை எடுக்க வேண்டியதில்லை. நான் வேலை செய்கிற திருப்பூரில் பனியன் கம்பெனிக் கூரைகள் எத்தனை ஏக்கர் தேறும்? ஈரோட்டு, கரூர் விசைத்தறிக் கூடங்கள், நாமக்கல் கோழிப்பண்ணைகள், ரைஸ் மில்கள், கல்யாண மண்டபங்கள் எல்லாம் காய்ந்துகொண்டு சும்மாதானே கிடக்கின்றன? கூரைகளெல்லாம் நிறைந்த பிறகு கொறங்காட்டைப் பற்றிப் பேசலாம். கொறங்காட்டை ‘தரிசு’ என்று எழுதுகிறவர்களிடம் சண்டை போடவும் நான் தயார்.

சாயங்காலம் கிளம்பும்போது அப்புச்சி படலைத் திறந்து மாட்டை உள்ளே ஓட்டிக்கொண்டிருந்தார். “அங்க மறுக்காப் பனி எப்பக் கண்ணு கட்டும்?” என்றார்.

“நவம்பர்லீங்க அப்புச்சி.”

விரலை மடக்கினார். “ஆடி, ஆவணி, பொரட்டாசி, ஐப்பசி... கார்த்திக வரைக்கும் தாங்கோணும்.” அப்புறம் கடைசி மாட்டின் முதுகைத் தடவி உள்ளே அனுப்பிவிட்டுப் படலைச் சாத்தினார்.