நாலு வயதுப் பிள்ளைக்கு லீவு கிளாஸ் வேண்டாம், கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ

லீவு கிட்ட வந்தால் பெற்றோர் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "டீச்சர், பிள்ளையை எந்தக் கிளாசுக்கு விடலாம்?" என்பதுதான். இங்கிலீஷ், அபாக்கஸ், கையெழுத்து, முதலாம் ஆண்டுக்கு ஆயத்தம் என்று எல்லாமே இப்போது கிடைக்கிறது. கேட்கிறவர்களில் எனக்குக் கோபம் இல்லை. தன் பிள்ளை பின்தங்கிப் போய்விடுமோ என்ற பயம் எந்த வீட்டில்தான் இல்லை? ஆனால் மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளோடு முன்பள்ளியில் நாள் முழுக்க இருக்கிறவள் என்ற முறையில் என் பதில் எப்போதும் ஒன்றுதான். ஒரு கிளாசும் வேண்டாம். நீங்கள் திருகோணமலையில் இருக்கிறீர்கள், இது கடல் அமைதியாகக் கிடக்கிற காலம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியில் போங்கோ.

முதலில் பிள்ளையின் கையைப் பாருங்கோ. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எல்லாமே குருத்தெலும்பு. வருடங்கள் போகப் போக ஒவ்வொன்றாக இறுகும். நாலு வயதில் ஏறக்குறைய பாதிதான் எலும்பாகத் தொடங்கியிருக்கும். கடைசி எலும்பு இறுகத் தொடங்க ஒன்பது, பத்து வயதாகிவிடும். அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து ஒரு பக்கம் நிறைய 'அ' எழுது என்றால் பிள்ளை என்ன செய்யும்? விரலால் பிடிக்க இயலாமல் முழுக் கையாலும் பொத்திப் பிடிக்கும், தோளை ஆட்டி எழுதும், தாள் கிழியும், அழுகை வரும். பிறகு கொப்பியைக் கண்டாலே ஓடும். எழுதுவதற்கு முன் அந்தக் கை நிறையப் பிசைய வேணும், கிள்ள வேணும், உருட்ட வேணும், தோண்ட வேணும், சின்னச் சின்னப் பாரம் தூக்க வேணும்.

அதற்கு டச்பே கடற்கரையை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஒரு சிரட்டை, ஒரு பழைய பால்மா டின், ஒரு தண்ணீர்ப் போத்தல், வாயகன்ற சட்டி ஒன்று. இவ்வளவும் போதும். காய்ந்த மணலில் கோபுரம் கட்டச் சொல்லுங்கோ, சரிந்து விழும். தண்ணீர் கலந்தால் நிற்கும். தண்ணீர் கூடிப்போனால் திரும்பவும் கரைந்து விழும். எவ்வளவு தண்ணீர் சரி என்பதைப் பிள்ளை தானாகவே செய்து பார்த்துக் கண்டுபிடிக்கும். நாங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஒருமுறை ஒரு பிள்ளை சட்டித் தண்ணீரை மெலிந்த போத்தலுக்குள் ஊற்றிவிட்டு, "டீச்சர், இதுக்குள்ள கூட இருக்கு" என்றாள். அதையே திரும்பச் சட்டிக்குள் ஊற்றிவிட்டு, "இப்ப குறைஞ்சுபோச்சு" என்றாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் போத்தலுக்கு ஊற்றினாள். சுவிற்சர்லாந்து உளவியலாளர் பியாஜே எழுதி வைத்ததும் இதைத்தான். ஏழு வயதளவு வரைக்கும் பிள்ளைகள் உயரத்தைப் பார்த்துத்தான் அளவைச் சொல்வார்கள். அது பிழையான விடை இல்லை, அந்த வயதின் விடை. "இல்லை மகள், ரெண்டும் ஒரே அளவுதான்" என்று சொல்லிக்கொடுப்பதால் அது மாறாது. கை ஊற்றி ஊற்றித்தான் மாறும். அதனால் அவளைத் திருத்தாமல் இன்னொரு போத்தல் எடுத்துக் கொடுத்தேன்.

மரியா மொன்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய முதல் பிள்ளைகள் இல்லத்தின் வழியும் இதுதான். அவர் 1944இல் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் பிள்ளைகளின் கைக்குக் கொடுத்தது ஊற்றவும் அடுக்கவும் துடைக்கவும் பொருட்கள். இன்று அவருடைய பெயரைப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு நாலு வயதுக்குப் போட்டோகொப்பித் தாள் கொடுப்பது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

இனிக் கரைவலை. எங்கள் கரையில் வளர்கிற பிள்ளைக்கு இதைப் போல ஒரு பாடம் வேறெங்கும் கிடைக்காது. வாடைக் காலம் முடிந்து கடல் தணிந்த பிறகு எங்கள் பக்கம் கரைவலை இழுப்பார்கள். காலையில் கொஞ்சம் வெள்ளெனப் போனால் பார்க்கலாம். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் ஒரே தாளத்தில் பின்னுக்கு அடியெடுத்து வைப்பார்கள். பிள்ளைகள் சொல்லாமலே அந்தத் தாளத்துக்குக் கால் வைக்கத் தொடங்கிவிடுவார்கள். வலை கரைக்கு வந்ததும் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டுவிட்டு, ஆட்களின் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நில்லுங்கோ. சூடை ஒரு பக்கம், நெத்தலி ஒரு பக்கம், பாரைக் குஞ்சு ஒரு பக்கம் என்று பிரிப்பார்கள். எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்று பிள்ளையிடம் கேளுங்கோ. நீளமா, நிறமா, வாலா? என் பிள்ளைகளில் ஒருவன், "அந்த மாமா பார்க்காமலே பிரிக்கிறார்" என்றான். அந்த மனிதருக்குக் கைதான் கண் என்பதை அவன் பார்த்துவிட்டான். பேத்தை மீன் வயிறு ஊதிக்கொண்டு கிடக்கும். அதில் நஞ்சு இருக்கு, தொடக் கூடாது என்று மீன்காரர்களே சொல்லிக்கொடுப்பார்கள். எங்களை விட அவர்கள் சொன்னால் பிள்ளைகள் கேட்கும்.

இன்னொன்றும் இருக்கு. எங்கள் நகரத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் மொழி மொழியாகப் பிரிந்துதான் படிக்கிறார்கள். கடற்கரையில் அப்படி இல்லை. ஒரு வாளிக்குத் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் மூன்று பேரும் சண்டை பிடிப்பார்கள், ஐந்து நிமிடத்தில் மூன்று பேரும் ஒரே குழியைத் தோண்டுவார்கள். இதை எந்தக் கிளாசில் காசு கட்டிப் படிப்பிக்க ஏலும்?

புல்மோட்டைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால், கரையில் கறுப்பாக ஓடுகிற மணலைப் பிள்ளைக்குக் காட்டுங்கோ. அது இல்மனைற்று, இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த கனிமம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றின பெரிய காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி மணலில் இழுத்தால் கறுப்புத் துகள்கள் ஒட்டும். காந்தம் கட்டாயம் பெரிதாக இருக்க வேணும். சின்னக் காந்தங்களைப் பிள்ளைகள் விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளை எண்ணச் சொன்னால் ஏழு வரைக்கும் எண்ண வந்துவிடும். ஒவ்வொன்றின் சூடும் கொஞ்சம் கொஞ்சம் வேறு, எது கூடச் சூடு என்று கேளுங்கோ. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான்களில் எதற்குக் கொம்பு இருக்கு, எதற்கு இல்லை என்று பார்க்கச் சொல்லுங்கோ. கொம்பு ஆணுக்குத்தான், அதுவும் விழுந்து விழுந்து முளைக்கும். பிஸ்கட் பையை மட்டும் அங்கே போட்டுவிட்டு வராதீர்கள், மான்கள் அதையும் தின்னும்.

வெளியில் போக நேரமில்லாத தாய்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்குக் குசினி இருக்கு. முருங்கையிலை ஆயக் கொடுங்கோ. ஈர்க்கை ஒரு கையில் பிடித்து, மற்றக் கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இலையை உருவுகிற அந்தப் பிடிதான் நாளைக்குப் பென்சில் பிடிக்கிற பிடி. முதல் நாள் காம்போடு பிய்க்கும், பரவாயில்லை. ஒரு கிழமையில் உங்களை விட நேர்த்தியாக உருவும். உள்ளி உரிக்கக் கொடுக்கலாம், பயற்றில் கல் பொறுக்கக் கொடுக்கலாம். ஆடிப்பிறப்புக்குக் கொழுக்கட்டை அவிக்கும்போது ஒரு உருண்டை மாவைப் பிள்ளைக்கும் கொடுத்து, பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் வைத்து ஓரத்தைக் கிள்ளி மூட விடுங்கோ. கோணலாக வரும். அதை ஒதுக்கி வைக்காமல் மற்றவையோடு சேர்த்தே அவியுங்கோ, "இது நான் செய்தது" என்று அம்மம்மாவுக்குக் காட்ட வேணும் அதுக்கு. தென்னோலையில் மணிக்கூடும் காற்றாடியும், பூவரசம் இலையில் பீப்பியும் செய்யத் தெரிந்த அப்பப்பாமார் இன்னும் எத்தனை வீட்டில் சும்மா இருக்கிறார்கள்! பிள்ளையை அவர்களிடம் விடுங்கோ.

வேலை நடக்கும்போது கதையுங்கோ, அது மிக முக்கியம். "பாலைப்பழம் ஏன் உதட்டில ஒட்டுது?" என்று பிள்ளை கேட்டால், "உனக்கு என்ன மாதிரித் தெரியுது?" என்று திருப்பிக் கேளுங்கோ. தொலைபேசி இப்படித் திருப்பிக் கேட்காது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது இது: மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேணும், அதில் 60 நிமிடமாவது ஓடியாடி மூச்சு வாங்கிற அளவுக்கு இருக்க வேணும். திரைக்கு முன் உட்கார்ந்திருப்பது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது. எங்கள் வீடுகளில் இந்தக் கணக்கு தலைகீழாகக் கிடக்கிறது.

"மற்றப் பிள்ளைகள் வாசிக்கிறாங்களே" என்பீர்கள். ஜனவரி 31க்குள் ஐந்து வயது நிரம்பினால் முதலாம் ஆண்டுக்கு எடுக்கிறார்கள். எழுத்துப் படிப்பிக்கிற வேலை அங்கேதான் தொடங்குகிறது. பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடமே தொடங்குகிறது. முதலாம் ஆண்டுக்குப் போகிற பிள்ளைக்கு வேண்டியது ஒரு கதையை முடிவு வரை கேட்கிற பொறுமை, வேணும் என்பதை வாய் திறந்து கேட்கிற துணிவு, தன் முறை வரும் வரை நிற்கிற பழக்கம், களைக்காத கை. இவற்றில் ஒன்றையும் வேர்க்ஷீட் கொடுக்காது.

வெயிலைப் பற்றிக் கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். காலை எட்டரைக்கு முன்னம், பின்னேரம் நாலரைக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கோ. கச்சான் காற்று அடிக்கிற நாளில் கடற்கரையை விட்டுவிட்டு வேம்பு நிழலில் தண்ணீர்ச் சட்டி போதும். தொப்பி, போத்தலில் தண்ணீர் கட்டாயம், தேசிக்காய்த் தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. கடல் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் பிள்ளையின் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம், கை எட்டுகிற தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேணும், அவருடைய தொலைபேசி பைக்குள் இருக்க வேணும்.

முன்பள்ளி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். லீவுக்குக் கொப்பி நிறைய வீட்டுவேலை கொடுத்து அனுப்பாதீர்கள். ஆளுக்கொரு சின்னத் துணிப்பை கொடுங்கோ. லீவு முடிந்து வரும்போது பிள்ளை பொறுக்கிச் சேர்த்ததை அதில் கொண்டு வரட்டும். சோகி, புளியங்கொட்டை, மயிலிறகு, உடைந்த சிப்பி, எதுவானாலும் சரி, பவளப்பாறைத் துண்டு மட்டும் வேண்டாம், அது கடலிலேயே கிடக்கட்டும். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் பையைக் கொட்டி, எங்கே எடுத்தது, யார் கூட வந்தது, ஏன் பிடித்தது என்று சொல்லட்டும். முதல் கிழமைக்கு வேறு பாடத்திட்டம் தேவைப்படாது.